ஈடும் இடமும்

(விருத்தாசலத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தின் நிழலில் அமைந்த மண்டபமே தக்க இடம் என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், ஒரு தொழிலாளி தம் விரலையோ, கண்ணையோ, மூச்சையோ தொழிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும்போது சட்டம் அவருக்கு என்ன கொடுக்கிறது என்னும் வினாவை ஆராய்வதற்கு, பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பெயர் பெற்றதோடு, நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணைக் கொலுப் பொம்மையாகவும் அகல் விளக்காகவும் மின்சாரப் பீங்கானாகவும் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கும் இவ்வூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. இங்கே அரசு அமைத்த தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருக்கிறது. தொழிலைத் தந்தையிடமிருந்து கற்றவர்களும் பட்டயம் பெற்றுக் கற்றவர்களும் ஒரே சூளையின் முன்னே நிற்கும் காட்சியும் இருக்கிறது.

பொருளை முன்னரே வரையறுத்துவிடுகிறேன். உடற்குறையோடு வேலைக்கு வருபவர், வேலையிலேயே உடற்குறையை அடைபவர் என இரு சாரார் உண்டு. இவர்களுக்கு நம் சட்டம் இரு வேறு வாயில்களை வைத்திருக்கிறது. ஒரு வாயிலில் நஷ்டஈடு கிடைக்கும். மற்றொன்றில், முன்பு இருந்த வேலையிலோ வேறொன்றிலோ தொடர்ந்திருக்கும் உரிமை கிடைக்கும். ஈடு கொடுப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு. நம் சிறு தொழிற்கூடங்களில் உழைப்பவருக்கு ஈட்டின் வாயில் பாதி திறந்தும், இடத்தின் வாயில் அடைத்தும் கிடக்கின்றன என்பதே நான் இன்று கூற வந்தது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். சட்டம் அதன் பின்னர் வரட்டும். களிமண்ணையும் குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லையும் பெல்ஸ்பாரையும் பால் மில் என்னும் குண்டு அரவை இயந்திரத்தில் இட்டு நீரோடு அரைத்து, குழம்பாக்கி, பாரிஸ் சாந்தாலாகிய அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்சுவரில் தோல்போலப் பற்றி நிற்கிறது. மிகுந்த குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால், அதன் இரு பாதிகளும் கூடிய இடத்தில் உச்சி முதல் பீடம் வரை ஒரு வரம்பு ஓடும் பச்சைப் பொம்மை கையில் வருகிறது. அது காய்ந்தபின், பெரும்பாலும் பெண்களே, சிறு கத்தியாலும் ஈரப் பஞ்சாலும் அவ்வரம்பைச் சுரண்டி மழிக்கிறார்கள். பஞ்சு ஈரமாய் இருக்கும்வரை கேடு குறைவு. நவராத்திரிக்கு முந்திய மாதங்களில், எண்ணிக்கைக் கூலி கையை விரட்ட, உலர்ந்த கத்தி மட்டும் ஓடத் தொடங்கினால், மடியெங்கும் வெண்தூள் படிகிறது. மடியில் படிவதைத் தட்டிவிடலாம். கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் மிதக்கும் நுண்தூசியோ மூச்சோடு சென்று நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்பது இதுதான். பத்தோ இருபதோ ஆண்டுகள் வெளித்தோன்றாமல் இருந்து, பிறகு மாடிப்படி ஏறும்போது இளைப்பாகத் தலைகாட்டி, தொழிலை விட்ட பின்னரும் வளரக்கூடிய இந்நோய்க்கு நாளது வரை குணப்படுத்தும் மருந்து இல்லை. இது உடையவரைக் காசநோயும் எளிதில் பற்றும். இரண்டிலும் இருமலும் மெலிவும் உண்டாதலால், தூசியின் குற்றம் கிருமியின் கணக்கில் எழுதப்படுவதும் உண்டு. மின்சாரப் பியூஸுக்கான பீங்கானை அழுத்தி எடுக்கும் திருகு அச்சியந்திரத்திலோ ஆபத்து வேறு விதம்: அங்கே கை ஒரு நொடி பிந்தினால் விரல் போகும்.

விரலைப் பற்றிச் சட்டம் மிகவும் தெளிவாகப் பேசுகிறது. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய அதே 1923-ஆம் ஆண்டில், அதற்கு இரண்டு மாதம் முன்னர் இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். முதலாளியின் அஜாக்கிரதையை நிரூபித்தாலன்றி ஒரு காசும் பெறமுடியாத பழைய நியாயத்தை ஒதுக்கிவிட்டு, வேலையின் பொருட்டும் வேலையின் போதும் நேர்ந்த விபத்து என்று காட்டினாலே போதும் என்றது அது. அதன் அட்டவணை மனித உடலைச் சதவீதங்களாகப் பிரித்து வைத்தது. கட்டைவிரல் போனால் 30, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சிறுவிரலோ ஆயின் 7. வாசிப்பதற்குக் கசாப்புக் கடை விலைப்பட்டியலைப்போல இருப்பினும், இந்த அட்டவணையை இகழ்ந்து பேச நான் துணியேன்; பேரம் பேசத் தெரியாத ஏழைக்கு முன்னரே எழுதி வைத்த விலையே பாதுகாப்பாகும்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். முப்பது வயது நிரம்பிய, மாதம் 10,000 ரூபாய் ஊதியமுள்ள ஒருவர் அச்சியந்திரத்தில் சுட்டுவிரலை இழக்கிறார். ஊதியத்தில் 60 சதவீதம் 6,000; அதனை அவர் வயதுக்குரிய காரணியாகிய 207.98-ஆல் பெருக்கினால் 12,47,880. அதில் 14 சதவீதம் 1,74,703 ரூபாய். கணக்கு அப்பழுக்கற்றது. அந்த 10,000 என்பதற்கு என்ன ஆதாரம் என்று நஷ்டஈட்டு ஆணையர் கேட்கும்போதுதான் அது கலையத் தொடங்குகிறது. ஊதியச் சீட்டு கிடையாது, எண்ணிக்கைக் கூலி, தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் வாரந்தோறும் கழிக்கப்படுகிறது, வருகைப் பதிவேட்டில் பெயர் உண்டோ இல்லையோ, அதுவே சந்தேகம்.

இந்த அட்டவணையைக் கண்மூடித்தனமாகப் பிரயோகிக்கலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1975-ஆம் ஆண்டின் இறுதியிலேயே உணர்த்தியிருக்கிறது. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, அவருடைய இடக்கை முழங்கையருகே துண்டிக்கப்பட்டது. அட்டவணைச் சதவீதத்தின்படி கொடுத்தாற் போதும் என்று முதலாளி வாதாட, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாதாகையால் அவர் இழந்தது தம் சம்பாதிக்கும் திறன் முழுவதையுமே என்று நீதிமன்றம் கூறிற்று. எத்தனை எலும்பு போயிற்று என்பதைவிட, அந்த எலும்பைக் கொண்டு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே முக்கியம் என்னும் இக்கொள்கையை, பீங்கான் தொழிலில் வாதாடும் ஒவ்வொரு வழக்கறிஞரும் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொம்மைக்கு விழி தீட்டுபவருக்குச் சுட்டுவிரலின் மதிப்பு 14 சதவீதந்தானா?

விரலை விட்டு மூச்சுக்கு வரும்போது சட்டத்தின் குரல் தாழ்ந்துவிடுகிறது. சிலிக்கோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதனை அறிவிக்கத்தக்க நோயாகவும் ஆக்கி, கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் விபத்துக்கு ஒரு நாளும் ஒரு நேரமும் சாட்சியும் உண்டு. நோய்க்கு அவை கிடையா. இருபது ஆண்டில் நான்கு கூடங்களில் வேலை செய்தவர், எந்தக் கூடத்தின் தூசி தம்மைக் கெடுத்தது என்று எவ்வாறு காட்டுவார்?

இவ்வூரின் பெயரோடு ஒட்டிய கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. முதுகுன்றமாகிய இவ்வூரின் இறைவனிடம் பொன் பெற்ற சுந்தரர் அதனை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் தேடி எடுத்தார் என்பது நீங்கள் குழந்தைப் பருவம் முதல் அறிந்தது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று உலகம் பரிகசிப்பதற்கு அதுவே மூலம். உடலை ஓரிடத்தில் தொலைத்துவிட்டு ஈட்டை வேறோரிடத்தில் தேடும் தொழிலாளியின் நிலையும் அதுவே. ஆயின், கதையைச் சொல்வோர் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி அதில் இருக்கிறது. ஆற்றில் இடுவதற்கு முன்னர் சுந்தரர் அப்பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்க அதுவே உதவிற்று. தம்பிரான் தோழரே மச்சம் வைத்துக்கொண்டார் எனில், சாதாரணத் தொழிலாளி வைத்துக்கொள்ளாமல் இருக்கலாமா? வேலையில் சேரும் நாளில் எடுத்த மார்பு எக்ஸ்ரே ஒன்று, ஆண்டுதோறும் செய்யும் மூச்சுப் பரிசோதனையின் குறிப்பு, எந்தக் கூடத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்னும் ஒரு பதிவு ஆகிய மூன்றும் அவருடைய மச்சம். இத்தாலிய நாட்டு மொடெனா நகரத்து ராமஸ்ஸினி என்னும் வைத்தியர், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நோயாளியிடம் வைத்தியன் கேட்கும் பழைய கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதனையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று எழுதினார். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் நம் புறநோயாளிச் சீட்டில் பெயருக்கும் வயதுக்கும் இடம் இருக்கும் அளவுக்குத் தொழிலுக்கு இடம் ஏற்படவில்லை.

ஆதாரம் இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்குக் குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் கல்லை அரைத்த ஆலைகளே உதாரணம். மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்கச் சென்ற பழங்குடி மக்கள் அங்கே தூசியைச் சுவாசித்து, ஊர் திரும்பி, ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் 2016-ஆம் ஆண்டுதான், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு குஜராத் அரசுக்கு உத்தரவு பிறந்தது. ராஜஸ்தான் அரசு 2019-இல் ஒரு கொள்கையை வகுத்து, நோய் உறுதியானவுடன் 3 லட்சமும் இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சமும் தர முன்வந்தது. எந்த முதலாளி என்னும் ஆராய்ச்சியில் தொழிலாளியின் ஆயுளைக் கழிக்காமல், முதலில் கொடுத்துவிடுவது என்னும் வழி அது. கல்லுடைப்பும் பீங்கானும் மிகுந்த தமிழ்நாடு இதனைப் பின்பற்றுவதற்குத் தடை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

இனி இரண்டாம் வாயில். 1995-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும், பணிக்காலத்தில் உடற்குறையை அடைந்த ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கின்றன. அவர் செய்துவந்த வேலைக்கு இனித் தகுதியில்லையேல் அதே ஊதியத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், அதுவும் இல்லையேல் ஓர் உபரிப் பணியிடத்தையேனும் உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. கடமையில் காயமுற்றுக் காலை இழந்த ஒரு காவல்படை வீரருக்கு 2003-இல் உச்ச நீதிமன்றம் இப்பாதுகாப்பை வழங்கியது. நிறப்பார்வைக் குறை கண்ட அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கியது. இவற்றிலெல்லாம் என் மனத்தை மிகவும் தொட்டது 2008-இல் தீர்ந்த பஞ்சாப் மின்வாரிய வழக்கு. பணியிலிருக்கும்போதே இரு கண்ணும் இழந்த ஒரு கம்பியாள் உதவியாளர், சட்டம் தம்மைக் காப்பதை அறியாமல், தாம் ஓய்வு பெற்றுக்கொள்வதாகவும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருமாறும் எழுதிக் கொடுத்தார். வாரியம் ஓய்வை மட்டும் ஏற்றுக்கொண்டது. உரிமை அறியாதவர் எழுதிய கடிதத்தைக் கொண்டு அவர் உரிமையைப் பறிக்கலாகாது என்று நீதிமன்றம் அவரைப் பணியில் இருந்தவராகவே கொள்ளச் செய்தது.

இவ்வழக்குகளைக் கேட்டு மகிழும் பீங்கான் தொழிலாளி, அந்த மகிழ்ச்சியை அடுத்த வரியிலேயே இழக்க நேரிடும். 20-ஆம் பிரிவின் இந்தக் காப்பு அரசு நிறுவனத்துக்கே உரியது. தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் அதில் இன்னின்ன விவரம் இருக்க வேண்டும், அவ்வளவே. கை ஒன்றுதான், அது அரசு அச்சகத்தில் போனால் வேலை நிலைக்கும், தனியார் அச்சியந்திரத்தில் போனால் காசோலையோடு கதை முடியும். சிலிக்கோசிஸ் உற்றவரின் கதி இன்னும் பரிதாபம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகை உடற்குறைகளைப் பட்டியலிடுகிறது. நுரையீரலின் குறை அவற்றுள் இல்லை. மத்திய அரசு வேறு வகைகளையும் அறிவித்துச் சேர்க்கலாம் என்று ஒரு கதவு மட்டும் ஒருக்களித்து வைக்கப்பட்டிருக்கிறது.

உடற்குறையோடு வேலைக்கு வருவோரைச் சட்டம் நோக்கிய விதத்தையும் பார்ப்போம். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டிலே இயற்றிய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில், உடற்குறையுள்ளோரின் ஊதியத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அரசு ஆணையிடலாம் எனவும் ஒரு பிரிவு இருந்தது. எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். குறைந்த கூலிக்கேனும் யாராவது வேலை கொடுக்கட்டுமே என்னும் இரக்கத்தில் எழுதியிருப்பார்கள். இரக்கத்தை நம்பி எழுதிய சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

இடம் கொடுப்பதால் தொழில் கெட்டுவிடுமோ என அஞ்சுவோருக்கு இத்தொழிலின் சரித்திரத்திலிருந்தே ஒரு விடை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பீங்கான் தொழிலை உலகறியச் செய்த ஜோசையா வெட்ஜ்வுட், சிறுவயதில் கண்ட அம்மை நோயால் முழங்கால் பழுதுபட்டு, காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தை ஓட்ட இயலாதவர். 1768-இல் அக்காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. சக்கரத்தை விட்டு விலகியவர் வடிவமைப்பிலும் மண்ணையும் மேற்பூச்சையும் சோதிப்பதிலும் இறங்கினார். குயவர் குடும்பத்திற் பிறந்து சொந்தமாகத் தொழில் நடத்தியதால் அவருக்கு அந்த இடம் வாய்த்தது. கூலிக்கு வந்த சக்கரக்காரராயிருந்தால் வாயிலுக்கு வெளியேதான் நின்றிருப்பார். அவர் பிறந்த ஸ்டோக் வட்டாரமே பிற்காலத்தில் தூசியாலும் ஈயத்தாலும் எத்தனையோ உயிர்களைப் பலிகொடுத்து, 1947, 1950 ஆகிய ஆண்டுகளின் விதிகளுக்குப் பின்னரே ஓரளவு மூச்சுவிட்டது.

இவ்வட்டாரத்துச் சிறு கூடம் ஒன்றில் நான் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய நடுவயதினர் ஒருவர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். ஏனையோர் நின்று வேலை செய்யும் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கென்று கால்களைக் குறுக்கிய மேசை ஒன்று. அதன்மேல் கையால் தள்ளினால் சுழலும் பலகை. காலை நீட்டிக்கொள்ள அடியில் ஒரு சாக்கு மெத்தை. உட்கார்ந்தபடியே பொம்மையைத் திருப்பித் திருப்பிப் புருவத்தை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டிருந்தார். மேசையின் காலைக் குறுக்கத் தச்சருக்கு அரை நாள் வேலை ஆயிற்றாம். அக்கூடத்தின் உரிமையாளர் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அச்சட்டம் நியாயமான இணக்க வசதி என்று வருணிப்பதைச் செய்து முடித்திருந்தார். தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்றது. அம்மசோதாவைக் கொண்டுவந்த அந்நாளைய தொழிலாளர் நல அமைச்சர் பக்கத்துத் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். ஜவுளிக்கடையில் நிற்பவருக்கு நாற்காலியைச் சட்டமாக்க முடிந்தபோது, பீங்கான் கூடத்தில் ஒரு குறுமேசையைச் சட்டமாக்குவது பிரமாதமான காரியம் அன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மின்விசையோடு நடக்கும் கூடமாயின் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அவ்வெல்லையை இருபதாக உயர்த்தியது. விசையில்லாத இடத்துக்கு இருபது நாற்பதாயிற்று. எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் எனப் பணிபுரியும் ஊரில் இதன் பொருள், தொழிற்சாலை என்று கொள்ளப்படும் கூடங்கள் குறைந்தன என்பதே. பத்துப் பேர் உள்ள கூடத்துக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் திட்டம் செல்லும் என்பதும், அபாயகரமான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஒருவர் உழைக்கும் இடத்துக்கும் அதனைச் செலுத்தலாம் என்பதும் சற்று ஆறுதல். ஈ.எஸ்.ஐ.யின் சிறப்பைச் சிறு முதலாளிகளும் உணர்ந்தாரில்லை: வேலையில் காயமுற்றவருக்கு ஊதியத்தில் 90 சதவீதம் அக்கழகமே கொடுக்கும், முதலாளியின் பணப்பை ஒரே விபத்தில் காலியாகாது.

ஆகவே, நான் இங்கே முன்வைப்பது தனித்தனிக் கூடங்களுக்குரிய யோசனை அன்று. எட்டுப் பேர் உள்ள கூடத்தில், அச்சியந்திரத்தில் விரலிழந்தவருக்கு மாற்றிடம் எங்கே என்று உரிமையாளர் கேட்பது நியாயமே. அங்கே மாற்றிடம் இருக்காது. ஆனால் தொழிற்பேட்டை முழுவதையும் ஒரே நிறுவனமாகப் பாவித்தால், வண்ணம் தீட்டல், கிளேஸ் கலக்கல், சூளைக் கணக்கு, சிப்பம் கட்டல், தரம் பார்த்தல் என மாற்றிடங்கள் பத்தாகப் பெருகும். உற்பத்தியாளர் சங்கமும் தொழிலாளர் துறையும் கூடி, ஒரு கூடத்தில் உடற்குறை அடைந்தவருக்கு மற்றொரு கூடம் அதே ஊதியத்தில் இடம் கொடுக்கும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. தூசியை அளப்பதற்குப் பயிலகத்து மாணவர்களைப் பயன்படுத்தலாம். அவர்களுக்கு அது பாடம், கூடத்துக்கு அது பதிவு. மார்பு எக்ஸ்ரேயை அரசு மருத்துவமனையில் எடுத்து, அதன் பிரதியைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். முதலாளியின் அலமாரியில் இருப்பது அவருக்கு மச்சம் ஆகாது.

செலவு யாருடையது என்னும் கேள்வி எழும். பொம்மை ஒன்றுக்குச் சில காசுகள் வீதம் ஒதுக்கினால் எவ்வளவு சேரும் என்பதனை என்னைவிட இச்சபையில் அமர்ந்திருக்கும் உரிமையாளர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் கணக்கைப் போட்டு, கடலூரிலுள்ள தொழிலாளர் துறை அதிகாரிகளையும் அழைத்துப் பேசுவதற்குரிய காலம் கொலு வேலை தொடங்குவதற்கு முந்திய மாதங்களே. ஆர்டர்கள் வந்து குவிந்து, காய்ந்த கத்தி ஓடத் தொடங்கிய பிறகு எவருக்கும் கூட்டத்துக்கு வரப் பொழுதிராது.